சுவர்ப்பக்கம் வெட்டிய ஓட்டை

குழாயை நட்டு அதில் ஸ்ட்ரோபெரி வளர்க்கப் போகிறேன் என்று சொன்னதும் றிகாஸ் லொறிக் கதவில் தட்டித் தட்டிச் சிரித்தான். நுவரெலியாவிலிருந்து திருகோணமலைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றி வருகிறவன் அவன்.

“அண்ணன், அது குளிருக்கு வாற சாமான். இந்தத் திருமலை வெயிலுக்கு நீங்களே வத்திப்போய் இரிக்கிறீங்க. அது நிக்குமா?”

“நிக்குதோ சாகுதோ அது என்ர பாடு. நீ கன்று கொண்டந்து தா. வேர் செத்ததை என்ர தலையில கட்டலாம் எண்டு மட்டும் நினையாதை.”

“காசும் வேணாம். தோட்டக்காரங்க கண்டு முளைக்கிற ஓடுகொடிய அறுத்து எறியிறாங்க. எறியிறதத்தான் கொண்டாறன்.”

காசு வேண்டாம் என்கிறவனை நான் இரட்டிப்பாகச் சந்தேகிப்பேன். துறைமுகத்தடியில் ஒரு களஞ்சியத்துக்குக் காவல்காரனாய் இருந்தே வயது போனவன் நான். எனக்குச் சும்மா பீடி நீட்டியவன்தான் பிறகு களவெடுத்த கயிற்றுச் சுருளோடு மதில் ஏறினவன். ஆனாலும் றிகாஸிடம் ஓம் என்றேன். வேறு வழி இல்லை. என் மனுசி பூரணி இரவுச் சோற்றை விட்டுவிட்டாள்.

அவளுக்கு மறதி. பகலில் ஏதோ கொறிப்பாள். பொழுது பட்டால் ஒரு வாய் இறங்காது. சோற்றுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி கதிரையில் இருப்பாள்.

“சாப்பிடன்.”

“பிள்ளை இன்னும் சாப்பிடேல்லை. அவள் கேட்டது அந்தப் பழம். அதைக் குடுக்காமல் நான் எப்பிடித் தின்னுறது?”

பிள்ளை என்றால் தயாளினி, எங்களுடைய ஒரே மகள். நாங்கள் இலங்கைத்துறையில் இருந்தபோது, கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக் காலையில் போய்விட்டாள். அப்போது இரண்டாம் வகுப்பு. அன்று நான் மீனுக்குப் போய் ஆழக் கடலில் நின்றேன். ஆழத்தில் நின்றவனுக்கு அலை என்று ஒன்று தெரியவில்லை. வள்ளத்தை ஒருக்கால் தூக்கி இறக்கியது, அவ்வளவுதான். கரைக்கு வந்தால் கரை இல்லை. அதற்குப் பிறகு வள்ளத்தில் நான் கால் வைக்கவில்லை. பூரணியைக் கூட்டிக்கொண்டு பாலையூற்றுக்கு வந்தேன். வேலை துறைமுகத்தில் என்றாலும் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. அது போதும் என்று இருந்தோம்.

பழக் கதை இதுதான். பள்ளிக்கூடத்தில் யாரோ கொடுத்த, பென்சில் எழுத்தை அழிக்கிற ஓர் அழிறப்பர் பிள்ளையிடம் இருந்தது. ஸ்ட்ரோபெரி போலச் சிவப்பு, மேலே பச்சைக் காம்பு, மணமும் அந்தப் பழத்து மணமாம். மணத்தை நம்பிப் பிள்ளை அதைக் கடித்துவிட்டாள். பூரணி முதுகில் ஒன்று போட்டாள். பிறகு அழுகிறாளே என்று, “உண்மையான பழம் அப்பாவைக் கொண்டு வாங்குவிச்சுத் தாறன்” என்றாள். நான் வாங்கவில்லை. அந்த நாளில் அந்தப் பழத்தை எங்கள் ஊரில் ஒருவரும் கண்ணால் கண்டதும் இல்லை.

பிள்ளை போன பிறகு பூரணி அவள் பெயரை வாயால் சொன்னது கிடையாது. மறதி வந்த பிறகுதான் சொல்லத் தொடங்கினாள். அடுப்பு மூட்டுவது மறந்து போனது. என் பெயர் மறந்து போனது. தயாளினி மட்டும் திரும்பி வந்தாள்.

பொய் சொல்லிப் பார்த்தேன்.

“அவள் சாப்பிட்டுப் படுத்திட்டாள். நீ சாப்பிடு.”

“என்ன சாப்பிட்டவள்?”

“பழந்தான்.”

“எங்க காம்பு?”

“என்ன காம்பு?”

“பழம் திண்டா காம்பு கிடக்குமே. காம்பைக் காட்டுங்கோ பாப்பம். ஆரை ஏய்க்கிறியள்?”

களஞ்சியக் காவலுக்கு என்னை விட்டு இவளை எடுத்திருக்கலாம்.

டவுனில் பெரிய கடையில் அந்தப் பழம் பெட்டியில் வரும். கேட்ட விலைக்கு ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாம். ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். மேலே அடுக்கியிருந்தது பளபளப்பு, கீழே முழுக்கப் பூஞ்சணம். பூரணி மணந்து பார்த்துவிட்டு, “இதைப் பிள்ளைக்குக் குடுக்கவே? வயித்தாலை போகும்” என்று கோழிக்குக் கொட்டினாள். பிறகு ஒருநாள் கிளினிக்கில் டொக்டர் அம்மா சொன்னா: “ஐயா, ஆள் இப்பிடியே மெலிஞ்சா வார்ட்டில வைச்சு மூக்கால குழாய் விட்டுத்தான் சாப்பாடு குடுக்கவேண்டி வரும்.” பூரணியின் கையைக் கட்டிலில் கட்டிவைத்தால் ஒழிய அந்தக் குழாய் மூக்கில் நிற்காது என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் நானே பழம் உண்டாக்குவது என்று முடிவெடுத்தேன்.

இன்னுமொன்று செய்திருந்தேன். விறாந்தையில் மாலை போட்டுத் தொங்கிய தயாளினியின் படத்தைக் கழற்றி, அலுமாரிக்குள் பழைய சீலைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். பிள்ளை செத்ததை மறந்துபோனவளுக்கு மாலைப் படத்தை ஏன் காட்டவேண்டும்? அந்த மறதி அவளுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று நினைத்திருந்தேன்.

கன்று நட எடுத்த குழாய், கக்கூசுக்குப் போடுகிற தடித்த பைப். உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் கட்டுகிற இடத்தில் நுனி உடைந்தது என்று எறிந்திருந்தார்கள். மேஸ்திரியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். கேட்காமல் எடுக்கிறவர்களைப் பிடித்தே பிழைத்தவன் நான். நிமிர்த்திப் பார்த்தால் என் நெஞ்சளவு உயரம். நிலத்தில் நட்டால் பூரணி குனிய வேண்டும்; குனிந்தால் தலை சுற்றி விழுவாள். நிமிர்ந்த குழாய் என்றால் நின்றபடி பார்க்கலாம், கதிரையில் இருந்தபடியும் பார்க்கலாம்.

வாள் பிளேட்டால் குழாயில் குறுக்கே கீறினேன். சிரட்டைக் கரியைத் தகரத்தில் மூட்டி, கீறின இடத்தை அதன் மேல் பிடித்தேன். பைப் மாவுபோல இளகி வரும்போது வெறும் சாராயப் போத்தலின் கழுத்தைக் கீறலுக்குள் திணித்து வெளியே நெம்பினால் உதடுபோல வாய் திறக்கும். உடனே ஈரத்துணியால் ஒற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப மூடிக்கொள்ளும். இப்படி மேலிருந்து கீழ்வரை முன்பக்கமும் இருபக்கமும் வாய் திறந்தேன். பொழுது படுகிற நேரத்தில் ஒன்றைப் பிழையாய் வெட்டிவிட்டேன். குழாயைப் புரட்டிப் போட்டதைக் கவனிக்காமல் பின்பக்கத்தில், சுவரைப் பார்க்கிற மாதிரி ஒரு வாய். நல்ல தூசணத்தால் என்னையே ஏசிக்கொண்டேன். அடைக்க ஒன்றும் இல்லை, அப்படியே விட்டேன்.

தண்ணீர் மேலேயே தங்கிவிடாமல் அடிவரை போகவேண்டும். கரண்ட் வயர் போடுகிற சின்னப் பைப் ஒன்றில், காய்ச்சின ஆணியால் நெடுக ஓட்டை குத்தி, அடியை அடைத்து நடுவில் இறக்கினேன். சுற்றிவர தும்புத்தூளும் காய்ந்த மாட்டெருவும் ஆற்றுமணலும். அடி, பெயின்ற் வாளிக்குள் கல்லும் சீமெந்தும் போட்டு இறுக்கியது. குசினிச் சுவரோரம் வைத்தேன். அங்கே காலை வெயில் படும், உச்சி வெயில் படாது. மேலே பழைய வலைத் துண்டை இரண்டாய் மடித்து நிழலுக்குக் கட்டினேன். வாங்கின சாமான் என்று ஒன்றும் இல்லை. மாரி மழை விட்டுக் குளிர் காற்று பிடித்த நேரம் றிகாஸ் ஈரச் சாக்கில் சுற்றிய கன்றுகளைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு வேராய்ப் பார்த்தேன். எல்லாம் உயிர். மிஞ்சின ஒன்றைப் பின்பக்கத்துப் பிழை வாய்க்குள் செருகிவிட்டேன்.

பூரணி கதிரையைக் கொண்டுபோய்க் குழாய்க்கு முன்னால் போட்டுக்கொண்டாள்.

“இதிலையே அந்தப் பழம் வரும்?”

“வரும்.”

“எப்ப?”

“பூ வந்தாப் பழம் வரும்.”

பூ வந்தது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் பொட்டு. எனக்கு அன்று கள்ளுக் குடித்தமாதிரி இருந்தது. அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் பூ இல்லை. காம்பு மட்டும் நிற்கிறது. அணில் என்று நினைத்தேன். பிறகும் பூத்தது, பிறகும் போனது. கொண்டைக்குருவி என்று நினைத்தேன். ஆனால் நுனி கிழியாமல், நகத்தால் கிள்ளின மாதிரி இருந்தது. அணிலுக்கும் குருவிக்கும் அப்படிக் கிள்ளத் தெரியாது. ஆள் வேலை.

வேலிக்கு அந்தப் பக்கம் றம்லாவின் வீடு. புருசன் சவூதியில். சின்ன மகள் அப்ரா, பூக் கண்டால் விடமாட்டாள். எங்கள் செவ்வரத்தை முழுக்க அவள் காதில்தான் இருக்கும். நான் வேலியடிக்குப் போய்க் கூப்பிட்டேன்.

“றம்லா! உம்மட பிள்ளையைக் கொஞ்சம் அடக்கி வையும். என்ர பழக் கண்டில பூப் பிடுங்குறாள்.”

றம்லா அகப்பையோடு வெளியே வந்தாள். “எங்கட புள்ளயா? நீங்க கண்டதா?”

“காண வேணுமே? இந்த வேலிக்குள்ளால வேற ஆர் பூருறது?”

“வேலிக்குள்ளால பூந்து செவ்வரத்தம்பூ புடுங்குறவ, உண்மை. அத பூரணி அக்காதான் காதில வெச்சி உடுற. உங்கட கண்டுப் பக்கம் எங்கட புள்ள வாறல்ல. உங்களுக்குப் பயம்.”

“பயந்தவள்தான் விடியக் கருக்கலில வாறாள்.”

“அல்லாஹ்வே! சுபஹுத் தொழுகைக்கு எழுப்ப எழும்பாத புள்ள உங்கட பூவுக்கு எழும்புறதாம்!” அகப்பையை என் பக்கம் நீட்டினாள். “ரத்தினம் அண்ணன், நீங்க ஊர்ல எல்லாரையும் கள்ளனெண்டுதான் பாக்கிற. மொதல்ல உங்கட ஊட்டுக்குள்ள பாருங்க.”

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். மீன்வலையை எடுத்துக் குழாயைச் சுற்றிக் கட்டினேன். தண்ணீர் விடுகிற இடத்தில் ஒரு கை போகிற இடைவெளி. வலையில் வெறும் ரின்பால் தகரப் பேணிகளைக் கோத்துத் தொங்கவிட்டேன், அசைந்தால் சத்தம் கேட்க. இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பூ இல்லை, பேணியும் சத்தம் போடவில்லை.

இதற்கிடையில் பூரணியின் சட்டை தோளில் நிற்காமல் நழுவத் தொடங்கியது. பொழுது பட்டால் அதே கேள்வி.

“பழம் வந்திட்டுதே?”

“இன்னும் இல்லை.”

“அப்ப நான் பொறுக்கிறன். அவள் பசியோட இருக்க நான் தின்ன ஏலாது.”

கள்ளனைப் பிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். விடியப்புறம் எழும்பி, குசினிக் கதவுக்குப் பின்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு குந்தினேன். மசூதியில் பாங்கு கேட்டது. கொஞ்சத்தில் உள்ளேயிருந்து காலடி வந்தது. பூரணி. முகம் கழுவி, தலையை முடிந்து, விபூதியும் வைத்திருந்தாள். பகலில் சட்டையைத் திருப்பிப் போடுகிற பூரணி இல்லை அது. பேணியை ஒரு கையால் பொத்திப் பிடித்தாள். மற்றக் கையை வலைக்குள் விட்டு, ஒவ்வொரு பூவாய் நகத்தால் கிள்ளி மடியில் போட்டாள். பக்கத்து வாய்களிலும் தடவிப் பார்த்தாள். ஒன்றையும் விடவில்லை.

சாமிக்கு வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து விடிந்தால் வளவில் பூப் பறித்துச் சாமிப் படத்துக்கு வைப்பாள். அந்தப் பழக்கம் போகவில்லை என்று எண்ணிப் பின்னால் போனேன். அவள் சாமிப் படத்தைத் தாண்டிப் போனாள். அலுமாரியைத் திறந்தாள். சீலைகளை ஒதுக்கினாள்.

தயாளினியின் படம் நிமிர்த்தி வைத்திருந்தது. நான் அதைக் குப்புறத்தான் வைத்திருந்தேன். படத்துக்கு முன்னால் வாடின வெள்ளைப் பூக்கள் ஒரு கைப்பிடி. அதன் மேல் புதுப் பூக்களை ஒவ்வொன்றாய் வைத்தாள்.

நான் மூச்சு விட்ட சத்தம் கேட்டுத் திரும்பினாள். பயப்படவில்லை.

“ஆர், பைப் வேலைக்கு வந்த அண்ணையே?”

“ஓம்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“மெல்லக் கதையுங்கோ. எங்கட இவர் எழும்பிடுவார்.”

“இது ஆரின்ர படம்?”

“என்ர மகள். கடலோட போனவள்.” சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. “கையிலதான் பிடிச்சிருந்தனான். பிறகு கையில இல்லை.”

எனக்கு அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

“இவருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, அண்ணை.”

“ஏன்?”

“அவர் அண்டைக்கு ஆழத்தில நிண்டவர். ஒண்டையும் காணேல்லை. ஆர் சொன்னாலும் நம்பாத மனுசன். இதையும் நம்பேல்லை. பாருங்கோ, படத்தைக் கொண்டந்து சீலைக்குள்ள ஒளிச்சுப்போட்டு, பிள்ளைக்கு எண்டு பழக் கண்டு வளர்க்கிறார்.” சட்டை நுனியால் படத்துக் கண்ணாடியைத் துடைத்தாள். “அவள் வருவாள் எண்டு இருக்கிறார். இருக்கட்டும். தெரிஞ்சால் உடைஞ்சு போவார்.”

“சொல்லமாட்டன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மடியில் மிஞ்சியிருந்த ஒரு பூவை என்னிடம் நீட்டினாள். “நீங்களும் ஒண்டு வையுங்கோ. புண்ணியமாப் போகும்.”

வைத்தேன். படத்தைக் கழற்றின நாளிலிருந்து என் பிள்ளைக்கு நான் பூ வைத்ததில்லை.

வெயில் ஏறினபோது பூரணி கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு, “தயா பள்ளிக்கூடம் வெளிக்கிட்டிட்டாளே?” என்று கேட்டாள். ஓம் என்றேன். விடியும்போது அவளிடம் இருந்த நினைவு வெயிலோடு போய்விட்டது. அவளுக்குத்தான் போனது.

வேலியடிக்குப் போய் றம்லாவைக் கூப்பிட்டேன்.

“பிள்ளையில பிழை இல்லை.”

“அது எனக்குத் தெரியும். அப்ப யாரு புடுங்கின?”

“அணில்.”

“அணில் அப்பிடி அழகா கிள்ளுமா?”

“எங்கட வீட்டு அணில் கிள்ளும்.”

அவள் என்னைத் தாண்டிக் கதிரையில் இருந்த பூரணியைப் பார்த்தாள். சண்டை பிடிக்கிற முகம் மாறிப்போனது. “அக்கா நேத்து ராவு ஏதும் சாப்பிட்டாவா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

வலை இனி எதற்கு என்று அவிழ்த்தேன். குழாய்க்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டு முடிச்சைத் தேடும்போது விரலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். நான் பிழையாய் வெட்டின வாயில், அந்த மிஞ்சின கன்றில், ஒரு பழம். அப்ராவின் பெருவிரல் அளவு. ஒரு பக்கம் சிவப்பு, சுவரைப் பார்த்த பக்கம் இன்னும் வெளிறல். பூத்ததை நானும் காணவில்லை, அவளும் காணவில்லை, அதனால் பழமாகிவிட்டது.

பொழுது படுமட்டும் அதைக் கிள்ளவில்லை. விளக்கு வைத்த பிறகு ஒரு சின்னக் கோப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூரணியின் முகம் இருந்த வடிவைச் சொல்ல எனக்குத் தெரியாது.

“வந்திட்டுது!” என்றாள். மணந்து பார்த்தாள். “அதே மணம். அந்த அழிறப்பர் மணம்.”

“தின்னன்.”

“விசரே உங்களுக்கு? பிள்ளைக்கெல்லோ.” கோப்பையை மூடினாள். அதற்குப் பக்கத்தில் தன் சோற்றையும் மூடினாள். “அவள் வந்து தின்னட்டும். பிறகு நான் சாப்பிடுறன்.”

வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பேரும் வாசலையே பார்த்தோம். தெருவில் ஒரு ஓட்டோ போனது. சோறு ஆறிப்போனது.

“நான் கொண்டுபோய் அறைக்குள்ள குடுக்கிறன். படிச்சுக்கொண்டு இருக்கிறாள்” என்றேன்.

“ஓம், குடுங்கோ. விதை துப்பவேண்டி வருமோ எண்டு பாருங்கோ.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அலுமாரியைத் திறந்தேன். சிரிக்கிற பிள்ளைக்கு முன்னால், விடிய வைத்த பூக்கள் சுருங்கிப்போய்க் கிடந்தன. பழத்தைப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் காட்டினேன். பிறகு வாயில் போட்டேன். புளிப்பு. பல் கூசிற புளிப்பு. சீனி ஒரு சொட்டும் ஊறவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை தின்னவேண்டிய பழத்தை நரைத்த கிழவன் தின்றுகொண்டு நின்றேன். மென்று விழுங்கினேன். கண்ணைத் துடைத்துவிட்டு, பச்சைக் காம்பைக் கோப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“இந்தா.”

பூரணி காம்பை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். பிடித்துப் புரட்டி, பல்லுப் பட்ட இடத்தைத் தடவினாள்.

“திண்டிட்டாள்” என்றாள். “என்னவாம்?”

“புளிக்குதாம்.”

“அப்பிடித்தான் சொல்லுவாள். சீனி தொட்டுக் குடுத்திருக்கலாமே, உங்களுக்கு ஒண்டும் தெரியாது.” காம்பைச் சட்டை நுனியில் முடிந்துகொண்டாள். பிறகு தன் சோற்றுக் கோப்பையைத் திறந்து, ஆறின சோற்றைக் குழைத்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டாள்.

மறுநாள் பின்னேரம் அவள் முடிந்து வைத்திருந்த அதே காம்பை அவிழ்த்துக் காட்டிப் பார்த்தேன். “இது நேத்தையான் காம்பு. வாடிக் கிடக்கு. ஆரை ஏய்க்கிறியள்?” என்று எறிந்துவிட்டாள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விடிந்தால் அவளுக்குப் பூ வேண்டும். பொழுது பட்டால் காம்பு வேண்டும். முன்பக்கத்துப் பூவை வலைபோட்டுத் தடுக்க என் மனம் வரவில்லை. அவள் வைக்காவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பூ வைக்க இந்த உலகத்தில் வேறு ஆர் இருக்கிறார்கள்?

திரும்பச் சிரட்டைக் கரி மூட்டினேன். குழாயைச் சுவரிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, தகரத்தை நெருக்கிப் பிடித்து, இந்த முறை தெரிந்தே, அவள் கண்ணில் படாத பின்பக்கம் நெடுக வாய் திறந்தேன். போத்தல் கழுத்துச் சூட்டில் கை பொசுங்கியது. றிகாஸ் கன்று கொண்டுவந்தபோது குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“என்ன அண்ணன், சுவருக்கா காட்டுற? பின்னால வெயில் படாது. பழம் இத்தினூண்டுதான் வரும், புளிக்கும்.”

“வரட்டும்” என்றேன். “காம்பு இருந்தாப் போதும்.”